அண்ணனின் கணுக்கால்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் கபடி. இதைச் சொன்னதுமே கேட்கிறவர்கள் முகம் மலர்ந்துவிடும். "அடேயப்பா, கபடி வீரரா டீச்சர்!" என்பார்கள். வீரமாவது வெங்காயமாவது. காலை ஏழு மணிக்குக் கையில் டிபன் பாக்ஸும் தோளில் பையுமாக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நிற்கிற மனிதரைப் பார்த்தால், ஏதோ தறிப் பட்டறைக்கு ஷிப்ட் மாற்றப் போகிறவர் என்றுதான் நினைப்பீர்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு கம்பெனி டீமில் அவருக்கு ஒப்பந்தம். வாரநாட்களில் அங்கே பயிற்சியும் போட்டியும். பொங்கல், கோயில் திருவிழா என்று வந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் போன் போடுவார்கள். எந்த ஊர் முதலில் கேட்கிறதோ அந்த ஊருக்கு ஆடுவார். சொந்த ஊர், குலசாமி ஊர், சம்பந்தக்கார ஊர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான்.

பிடிப்பதுதான் அவர் வேலை. களத்தின் இடது மூலையில், ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி லேசாகக் குனிந்து நிற்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு ஒருவன் வருவான், துள்ளுவான், தொடையைத் தட்டுவான். இவர் அவன் மூஞ்சியைப் பார்க்கவே மாட்டார், காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவன் யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புகிற அந்த ஒரு நொடியில் கணுக்காலைப் பிடித்துவிடுவார். பிடித்தால் அவ்வளவுதான். இழுக்கலாம், உதைக்கலாம், மண்ணைக் கவ்விக்கொண்டு ஊரலாம், கை மட்டும் விடாது. "உடும்புகூட அசந்தா விட்டுரும், உம் புருசன் விடமாட்டாரு" என்று என் அண்ணன் சொல்லுவார்.

எனக்கு இவரைப் பார்த்துக் கட்டிவைத்ததே அந்த அண்ணன்தான். திருச்சுழிக்கு அங்கிட்டு இருக்கிற எங்கள் ஊர் டீமில் அண்ணன் ரைடர். ரைடர் என்றால் பாடிப்போகிற ஆள். ஒரு போட்டியில் எந்த ஊரிலிருந்தோ வந்த ஒரு ஒல்லியான ஆள் அவரை மூன்று தடவை மடக்கிப் போட்டுவிட்டான். அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: "யம்மா, நம்ம கழுதைக்கு மாப்பிள்ளை பாத்துட்டேன். என்னையவே மடக்கிட்டான். இவளையும் இவன்தான் மடக்கணும்."

கழுதை நான்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. கபடி என்றால் எனக்கு உயிர். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் களத்துக்குப் பக்கத்தில் போகமாட்டார்கள், நான் கோட்டோரம் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்துவேன். அப்படிப்பட்டவளுக்குக் கபடிக்காரரே மாப்பிள்ளை என்றதும் தலைகால் புரியவில்லை.

கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாகக் கேட்டேன். "நீங்க புடிச்சதுலேயே எந்தப் புடிங்க ஒசத்தி?"

அவர் தன் காலுறையைத் துவைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார். "எல்லாப் புடியும் புடிதான்" என்றுவிட்டு அலசப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துவைக்கிற கல்லைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

டிவியில் கபடி ஓடினால் நான் சோபா நுனியில் இருப்பேன், இவர் குறட்டை விடுவார். எழுப்பிக் கேட்டால், "பக்கத்து வீட்டுல தறி ஓட்டுறாரே, அவரு ஞாயித்துக்கெழமை தறியையா பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு?" என்பார். ஜெயித்த அன்றைக்கும் தோற்ற அன்றைக்கும் ஒரே முகத்தோடு வருவார். பையைத் திறந்து முழங்கால் உறையை வெயிலில் காயப் போடுவார், விரலில் சுற்றிய டேப்பைப் பிரிப்பார், பிள்ளையைத் தூக்கிக் காலில் போட்டு ஆட்டுவார். "ஜெயிச்சீகளா?" என்று நான்தான் பிடுங்கிக் கேட்கவேண்டும். "ம்ம்." "எம்புட்டு வித்தியாசம்?" "போர்டப் பாக்கல, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு." கல்லுளிமங்கன்!

எப்படிக் கபடிக்கு வந்தார் என்று கேட்டதற்கும் அதே மாதிரிப் பதில்தான். "விளையாட்டு விடுதியில மூணு வேளைச் சோறு போட்டாக, தெனமும் முட்டை. போனேன்." அவ்வளவுதான் அவர் வரலாறு.

ஆனால் வேலை என்று நினைத்தாரே தவிர, வேலையில் குறை வைத்தவர் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் களத்தைச் சுற்றி வெறுங்காலோடு ஒரு நடை நடப்பார். கருவேல முள், கல், ஓட்டாஞ்சில் கண்ணில் பட்டால் பொறுக்கிப் போடுவார். எதிராளி நிற்கிற பக்கத்திலும் பொறுக்குவார். சாயங்கால வெயில் எந்தப் பக்கத்துக் கண்ணில் அடிக்கும் என்று பார்ப்பார். கூப்பிட்ட ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு டம்ளர் மோர் நீட்டினால், ஆடி முடித்துவிட்டுத்தான் குடிப்பார். அவருக்கு இருந்த ஒரே கட்டுப்பாட்டை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். "புடிச்சா விடக்கூடாது. அதுக்குத்தான என்னையக் கூப்புடுறாக."

இந்த மனிதரைத்தான் நான் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

போன பொங்கலோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதாக அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக எங்கள் ஊர்ப் பொங்கல் போட்டியில் அவர் இல்லாத வருஷம் இல்லை. காலை ஒடித்துக்கொண்ட வருஷம்கூடக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து பசங்களைத் திட்டினார். கடைசி ஆட்டம், எப்படியாவது கோப்பையோடு முடிக்கவேண்டும் என்று அம்மா நேர்த்திக்கடன் வைத்திருந்தார்.

இதில் எங்கள் ஊரோடு எப்போதும் முட்டிக்கொள்கிற பக்கத்து ஊர்க்காரர்கள் மார்கழி பிறந்ததுமே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்கள். இவரும் சரி என்றுவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள், 'மாப்பிள்ளைதானே, எங்கே போகப் போகிறார்' என்று மெத்தனமாக இருந்து, பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். "சொல்லிட்டேனே மச்சான்" என்றார் இவர். அண்ணன் போனிலேயே சிரித்தார். "அதனால என்ன மாப்ள! கடைசி ஆட்டத்துல உங்க புடியில இருந்து தப்பிச்சு வந்தேன்னா அதைவிட என்ன வேணும் எனக்கு? வாங்க, பாத்துக்குருவோம்."

ஆடப்போகிற இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். நடுவில் நான்தான் கிடந்து தவித்தேன். போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் இவர் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஃபைனல்ல அண்ணன் வந்தா... கடைசியில வந்தா... ஒரு தடவ விட்டுருங்க."

அவர் டேப் உருளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பரீட்சைக்கு முந்துன நாளு ஒங்கிட்ட வந்து, எம் மச்சினன் பெயிலாயிருவான் போல, கேள்வித்தாளக் குடுன்னு நான் கேட்டா குடுப்பியா?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். "ஒங்களுக்கு மனுசன் தெரியாது, கூலிதான் தெரியும். காசு குடுத்தா யாரு கால வேணும்னாலும் புடிப்பீக!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அது நடுவில் சிக்கியது, எடுத்துவிட்டு மறுபடியும் மூடினார்.

மறுநாள் ஃபைனல் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும்தான் வந்தது. அறுத்த சோளக்காட்டைச் சமப்படுத்தித் தண்ணீர் தெளித்துக் களம் போட்டிருந்தார்கள். இரண்டு ஊரும் சுற்றி நின்றது. சமமான புள்ளியில் கடைசி ரைடு வந்தது. அண்ணன் எழுந்தார். ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் எங்களுக்கு வெற்றி. சிக்கினால் அவர்களுக்கு.

அண்ணன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடிப் போனார். வலது பக்கம் போகிற மாதிரி பாவனை காட்டி இடது பக்கம் கையை வீசினார். விரல் நுனி என் வீட்டுக்காரர் தோளில் பட்டது. ஊர் 'ஓ' என்றது. அண்ணன் திரும்பினார், இவர் விழுந்தார், கணுக்கால் சிக்கியது. அண்ணன் குப்புற விழுந்து கையை நீட்டினார். கோட்டுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாண் அப்படியே நின்றது. பிறகு திடீரென்று கால் வந்துவிட்டது, கை கோட்டைத் தொட்டுவிட்டது.

விசிலும் கொட்டும் வெடியுமாகக் காது அடைத்துப்போனது. நானும் குதித்தேன், அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அண்ணனைப் பசங்கள் தோளில் தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், அண்ணன் சிரிக்கவில்லை. மேலே உட்கார்ந்துகொண்டு களத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் என் வீட்டுக்காரர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் கூப்பிட்ட ஊர்க்காரர்கள் வழக்கம்போல் பணக் கவரை நீட்டியபோது இவர் வாங்கவில்லை. "வேண்டாம்ணே. இன்னைக்கு நான் வேலை செய்யல" என்றுவிட்டு பஸ் ஏறிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாயை மூடியிருப்பான். இந்த மனிதருக்கு அது வரவில்லை. செய்யாத வேலைக்குக் கூலி வாங்கத் தெரியாத பிழைப்பு. அந்த ஒரு வார்த்தை டீக்கடை, களத்துமேடு என்று சுற்றி ரெண்டு நாளில் அண்ணன் காதுக்குப் போனது. அண்ணனுக்கு அது தேவையே இல்லை. இருபது வருஷம் பிடிபட்ட கால், எது வழுக்கியது எது விட்டது என்று அதற்குத் தெரியும். இருந்தாலும் ஊரே பேசியபிறகு தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை.

அண்ணன் போன் வருவது நின்றது. தினமும் மருமகளோடு வீடியோவில் பேசுகிறவர். மூன்று வயதுக் குழந்தை போனை எடுத்துக்கொண்டு வந்து "மாமா எங்க?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? என் வீட்டுக்காரரும் தை முடிகிறவரை எந்த ஊர் கூப்பிட்டாலும் "கை சரியில்லண்ணே" என்று தட்டிக்கழித்தார். கைக்கு ஒன்றுமில்லை. கம்பெனிக்குப் போனார், வந்தார், துவைத்தார். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே முகம் என்று நான் திட்டிய அந்த முகம் எவ்வளவு நல்ல முகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாசியில் குழந்தைக்குக் காது குத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் இல்லாவிட்டால் பங்காளி வழியில் யாரையாவது உட்காரவைத்து ஒப்பேற்றலாம். ஆனால் உயிரோடு இருக்கிற மாமன் வராமல் வேறொருவர் மடியில் பிள்ளை உட்கார்ந்தால் அந்த உறவு அத்தோடு அறுந்தது என்று அர்த்தம். பிறகு ஒட்டவைக்க முடியாது. அப்படி அறுந்துபோய், செத்த வீட்டுக்குக்கூட வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முறைப்படி நாங்கள் இரண்டு பேரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைக்கப் போனோம். மதினி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அண்ணன் தட்டைத் தொடவில்லை. கடைசியாக, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்.

"இருவது வருசம் ஆடியிருக்கேன் மாப்ள. தோத்திருக்கேன், கால ஒடிச்சிருக்கேன். யாருகிட்டயும் பிச்சை வாங்குனதில்ல. நீங்க போட்டுட்டீகளே. வயசாயிருச்சு, பாவம், போகட்டும்னு விட்டீகளா? அந்தக் கோப்பைய வீட்டுல வைக்கக்கூட முடியல. மாட்டுத் தொழுவத்துல கிடக்கு."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். 'சொல்லிவிடட்டுமா' என்று கேட்கிற பார்வை இல்லை. 'நீ பேசாதே' என்கிற பார்வை. "தப்புதான் மச்சான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் வாய் கொடுக்கிறவள், அன்றைக்குத் தட்டில் இருந்த வெற்றிலையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்னுடையது.

காது குத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நானே தப்பாகப் போட்டு, பிள்ளைகள் திருத்தினார்கள். சாக்பீஸை வைத்தேன். மத்தியானத்துக்கு மேல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணன் களத்துமேட்டில் காய்ந்த கொத்தமல்லிச் செடியைக் கம்பால் அடித்து மல்லி உதிர்த்துக்கொண்டிருந்தார். வாசமும் தூசியுமாக இருந்தது. நான் வருவதைப் பார்த்தும் அவர் கை நிற்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னேன்.

"அண்ணே, அவுக பாவம் பாக்கல. நான்தான் விடச் சொன்னேன். அவுக மாட்டேன்னாக. நான் அழுது, கூலிக்காரன்னு பேசி, அவுக மனச நோகடிச்சுச் செய்ய வச்சேன். பிச்சை போட்டது நான்தாண்ணே. என்னைய அடிங்க."

கம்பு நின்றது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீயா கேட்ட?"

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

"நீங்க ஜெயிக்கணும்னு."

"நான் ஜெயிக்கமாட்டேன்னு முடிவே பண்ணிட்டியாக்கும்?" என்றார். நான் கோட்டோரம் உட்கார்ந்து கத்திய அத்தனை வருஷமும் சேர்ந்து அந்தக் கேள்வியாக வந்து நின்றது. அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நீ சொல்லி அவரு விட்டாரா! அன்னைக்கி உக்காந்து என் முன்னால ஒம் பேரச் சொல்லலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கம்பை எடுத்தார். "மூணே காலுக்கு பஸ்ஸு இருக்கு. போ." வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காது குத்து என் வீட்டுக்காரரின் குலசாமி கோயிலில். கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கரிசல் காட்டுக்கு நடுவில் வேப்பமரமும் சாமியும் ஒரு தகரக் கொட்டகையும். குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாகிவிட்டது. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் தார்ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் போனது, நிற்கவில்லை. ஒரு டிராக்டர் போனது.

"நல்ல நேரம் முடியப் போகுதும்மா" என்றார் ஆசாரி. என் சித்தப்பா மகனைக் கையைப் பிடித்து மணையில் உட்காரவைக்கப் பெரியவர்கள் தயாரானார்கள். அவனும் பாவம், நெளிந்துகொண்டே வந்தான். "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றேன். "எத்தனை அஞ்சு நிமிசம்?" என்றார்கள். என் வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும். மச்சான் வருவாரு" என்றார். அதிகம் பேசாத மனிதர் சொன்னதால் எல்லாரும் அடங்கினார்கள்.

லோடு ஆட்டோ சத்தம் கேட்டது. பின்னால் சீர்த் தட்டுகளோடு அம்மாவும் மதினியும். முன்னால் டிரைவர் பக்கத்தில் அண்ணன், புது வேட்டி சட்டையில். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மாவா!

அண்ணன் தட்டுகளை இறக்கி வைத்தார். சாமியைக் கும்பிட்டார். நேரே மணைக்குப் போவார் என்று பார்த்தால் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வெட்டவெளிக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"மாப்ள, இங்கிட்டு வாங்க."

"மச்சான், நல்ல நேரம் முடியுது..."

"அதெல்லாம் இருக்கு. வாங்க. இன்னைக்கு யாரும் ஒங்ககிட்ட எதுவும் கேக்கல. புடிச்சுப் பாருங்க. விட்டீகன்னு தெரிஞ்சது, இப்படியே ஆட்டோவுல ஏறிருவேன்."

"இன்னைக்கு நான் லீவு போட்டிருக்கேன் மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர், ரொம்பப் பரிதாபமாக. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

இவர் குழந்தையை என்னிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பட்டுக்கரை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு போய் நாலு முள்ளைப் பொறுக்கி வீசினார். அப்புறம் இடது பக்கமாக நின்று லேசாகக் குனிந்தார்.

அண்ணன் பாடி வந்தார். வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது, மூச்சு இரைத்தது, ஆனால் கால் அதே கால்தான். வலது பக்கம் போகிற மாதிரி போய் இடது பக்கம் திரும்பித் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கோட்டுக்குத் துள்ளினார். இவர் விழுந்து பிடித்தார். அண்ணன் இழுத்தார். புது வேட்டி கிழிகிற சத்தம் கேட்டது. ஒரு முழம் இழுத்துக்கொண்டு போனார், இன்னும் அரை முழம் போனார். கை நீட்டினார். கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். ரெண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். பாட்டு மெலிந்து மெலிந்து நின்றது. அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது.

அண்ணன் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு தரையைக் கையால் அறைந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இதுதான் மாப்ள புடி! இதுதான்!"

என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார். காலைப் பிடித்தபடியே, தலையெல்லாம் கரிசல் மண்ணாக, வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் களத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற அந்த மனிதர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு சொன்னார்:

"மச்சான், இன்னொரு ரைடு வாரீகளா?"

"ஏய்யா, காது குத்தணுமா வேண்டாமா!" என்று ஆசாரி சத்தம் போட்டார்.

அண்ணன் அந்தப் புழுதி மடியோடு வந்து மணையில் உட்கார்ந்தார். தட்டிவிடக்கூட நேரமில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் மாமன் மூக்கில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். ஊசி இறங்கியபோது வீறிட்டாள். "அம்புட்டுத்தான் தாயி, அம்புட்டுத்தான்" என்று அவர் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

தோட்டைத் திருகக் குனிந்தபோதுதான் பார்த்தேன். கிழிந்த வேட்டி விலகி, அண்ணன் கணுக்காலில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அய்யோ, வலிக்குதாண்ணே? எண்ணெ தேய்க்கவா?"

"வலிக்குது" என்றார் அண்ணன். அந்தக் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார். "நீ ஒண்ணும் செய்யாத. அது அப்படியே இருக்கட்டும்."